படலைக்குள்ளே நான், பாலத்தடியில் கடற்காகம்

இது நடந்து மூன்று வருடமாகிறது. தை மாதம். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலியாணம். அதற்கு முந்திய புதன்கிழமை பின்னேரம் நான் எங்கே இருந்திருக்க வேண்டும்? கோப்பாயில், எங்கள் வீட்டில், அம்மா அரைத்து வைத்த மஞ்சளை முகத்தில் பூசிக்கொண்டு. எங்கே நின்றேன்? யாழ்ப்பாணப் பட்டினத்தையும் தீவுகளையும் இணைக்கிற பண்ணைப் பாலத்தில், உப்புக் காற்றில் தலைமயிர் பறக்க, தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தபடி.

பொய் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். முழுப் பொய் இல்லை. தையல் கடையில் சட்டை எடுக்க வேண்டும் என்றேன், எடுத்தும் விட்டேன். திரும்பும்போது ஸ்கூட்டி தானாகவே பண்ணைப் பக்கம் திரும்பிவிட்டது.

கொஞ்சம் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நாள் முழுக்க இருட்டறையில் கறுப்பு வெள்ளையாய் எலும்பு பார்க்கிறவளுக்கு, வெளியில் வந்தால் பறக்கிற ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும்போல் இருக்கும். அப்படித்தான் இந்தக் குருவிப் பைத்தியம் பிடித்தது. வீட்டில் யாருக்கும் இல்லாத விசர் எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று அம்மா இன்னமும் ஆராய்ச்சி செய்கிறார்.

மாரி தொடங்கியதும் குளிர் தேசங்களில் இருந்து கடற்காகங்கள் கூட்டம் கூட்டமாக எங்கள் கடல்நீரேரிக்கு வந்து இறங்கும். பண்ணையில் ஆழம் குறைந்த தண்ணீரில், மீன்பிடிக்கிறவர்கள் நட்டு வைத்த தடிகளின் தலையில் தடிக்கு ஒன்றாகக் குந்திக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பழுப்புத் தலைக் கடற்காகம் என்கிற இனம். பெயரில்தான் பழுப்புத் தலை. குளிர்காலத்தில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் மிஞ்சும். நூறு பறவை நின்றால் நூற்றுக்கும் அந்தப் பொட்டு இருக்கும்.

அன்றைக்கு ஒன்றுக்கு இல்லை.

நான் முதலில் நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். கூட்டத்தின் நடுவில் கழுத்து கொஞ்சம் நீண்ட ஒன்று. நெற்றி உருண்டு இறங்காமல் சரிந்து அலகோடு, எங்கள் பேச்சில் சொண்டோடு, சேர்ந்திருந்தது. சொண்டும் நீளம். ஒல்லிச் சொண்டுக் கடற்காகம் என்று ஒன்று இருக்கிறது. மன்னார்ப் பக்கம் எப்போதாவது வரும் என்று கேள்வி. பண்ணையில் கண்டதாக எனக்குத் தெரிந்து எவரும் சொன்னதில்லை.

ஆனால் ஆசைப்பட்டால் போதுமா? சில பழுப்புத் தலைகளுக்கும் பொட்டு மங்கிப்போய்க் கிடக்கும். உறுதியாகச் சொல்ல வேண்டும் என்றால் செட்டையை விரித்துக் காட்ட வேண்டும். பழுப்புத் தலையின் செட்டை நுனி அகலமாகக் கறுத்து, அதற்குள் வெள்ளைப் புள்ளி இருக்கும். இதற்கோ செட்டையின் முன் விளிம்பு நெடுக வெள்ளை ஓடும். பறந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அது பறந்தால்தானே! நான் நின்றேன், நின்றேன், அது தலையை முதுகுக்குள் செருகிக்கொண்டு நித்திரைக்குப் போய்விட்டது. வெயில் சாய்ந்து தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. போனில் படம் எடுத்துப் பார்த்தேன். தண்ணீரில் சிந்தின சோற்றுப் பருக்கை மாதிரித் தெரிந்தது.

அப்போதுதான் அம்மாவின் அழைப்பு.

"எடியே, எங்கை நிக்கிறாய்? நாளைக்குப் பொன்னுருக்கு. பொம்பிளை றோட்டிலை திரியிறாள் எண்டு சனம் சிரிக்கப் போகுது. கெதியா வா!"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சைவக் கலியாணத்தில் தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவார்கள். பெண் அங்கே போவதில்லை. பெண் வீட்டுக்காரர் பலகாரத் தட்டுகளோடு போய்வருவார்கள். பொன்னை உருக்கிவிட்டால் பிறகு சட்டம் கடுமை. கலியாணம் முடியும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசற் படலை தாண்டக் கூடாது. கடல் கடக்கக் கூடாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூடாது. வீடியோ கோலிலும் பார்க்கக் கூடாது என்பது அம்மா தானாகச் சேர்த்துக்கொண்டது.

ஆக, அந்தப் பறவையைப் பார்க்க எனக்கு இருந்த கடைசிப் பின்னேரம் அது. அது தூங்கிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் பறவை பார்க்கிற வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். உடனே கேட்டது ஒன்றுதான்: படம் எங்கே? சோற்றுப் பருக்கையை அனுப்பினேன். குழுவில் மூத்தவரான ஓர் அண்ணை, அவர் கொழும்பில் இருக்கிறார், "தங்கச்சி, கலியாணப் பதட்டத்திலை காகமும் மயிலாத் தெரியும்" என்று எழுதி ஒரு சிரிப்புப் படமும் போட்டார். யாழ்ப்பாணத்தில் இருந்த மற்ற இருவருக்கும் வேலை நாள். சனிக்கிழமைக்கு முன் வர முடியாது என்றார்கள். பறவை சனிக்கிழமை வரை அங்கே நிற்கிறேன் என்று யாருக்காவது எழுதிக் கொடுத்ததா?

வியாழக்கிழமை பொன் உருகியது. அம்மாவும் சின்னம்மாக்களும் பாலத்துக்கு அப்பால் தீவில் இருக்கிற மாப்பிள்ளை ஊரான வேலணைக்குப் போய், பலகாரம் கொடுத்து, பொன்னைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பயற்றம் பணியாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்து "நல்ல பதம்" என்று சொன்னாராம். மாதக் கணக்காகச் சம்பந்தியின் வாயில் இருந்து வந்த முதல் பாராட்டு. அம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. மூன்று நாள் அடுப்படியில் வெந்து சுட்ட பணியாரம் அல்லவா!

நானோ அறைக்குள் கூண்டுப் பறவை. சொந்தக்காரர் வந்து வந்து பார்த்துவிட்டு, "பொம்பிளை வாடிப் போனாள், தாய் தகப்பனை விட்டுப் போற கவலை" என்று கண் கலங்கினார்கள். நான் என்னத்தைச் சொல்ல? அதுவும் கவலைதான். அதைவிடப் பெரிய கவலை பண்ணையில் ஒரு தடியில் குந்தியிருந்தது.

அதைவிடவும் பெரியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

அதற்கும் இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. சாதகம் பொருந்தி, எல்லாம் சரி வந்து, பிறகு சட்டென்று நின்றுபோனது. காரணம் சுற்றி வளைத்து எங்கள் காதுக்கு வந்தது. "பெட்டை தனியக் கடற்கரையிலை போய் நிக்கிறவளாம். மணிக்கணக்கா நிக்கிறவளாம். என்னத்துக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" கலியாணம் பேசினால் நான்கு வீடு தட்டி விசாரிப்பது எங்கள் ஊர் வழக்கம், அந்த விசாரிப்பில் அடிபட்டுப் போனேன். அம்மா அன்றைக்கு அழவில்லை. சமையலறையில் சத்தமே இல்லாமல் இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் வேலணைச் சம்பந்தம் கார்த்திகையில் பொருந்தி வந்ததும் அம்மா என் தூரக்கண்ணாடியைத் தலையணை உறைக்குள் போட்டு அலுமாரியின் அடியில் வைத்தார். "கலியாணம் முடியுமட்டும் உந்தக் குருவிக் கதையை எடுக்கப்படாது. மாப்பிளைக்கும் சொல்லப்படாது. பேந்து நீயும் உன்ரை புருசனும் பாத்துக்கொள்ளுங்கோ." நான் சரி என்றேன். சரி என்று சொன்ன அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒளித்துக்கொண்டு போகிற வீட்டில் பிறகு எடுக்க முடியாது. முதல் நாள் மறைத்ததை நூறாவது நாள் எப்படிச் சொல்வது? அந்தத் தூரக்கண்ணாடி தலையணை உறைக்குள்ளேயே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். புதன்கிழமை நான் பொய் சொல்லிப் போனது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் தூரக்கண்ணாடியை உறையில் இருந்து களவாக உருவிக்கொண்டு போனேன். கடைசி முறையில் போய் இப்படி ஒன்றைக் கண்டால் மனம் ஆறுமா?

வியாழக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை என்னைப் போனில் அழைத்தார். அவரைப் பற்றியும் ஒரு சொல். பனிக்கட்டித் தொழிற்சாலை ஒன்றில் பொறுப்பாளர். நல்ல மனிதர், ஆனால் கதைக்கிற வேகம் கறையான் ஊர்கிற வேகம். ஒரு கேள்வி கேட்டுவிட்டு நான் தேத்தண்ணீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து பதிலைக் கேட்கலாம். இரண்டு மாதம் கதைத்தும் அவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டதற்கெல்லாம் "ம்... யோசிப்பம்" என்பார்.

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதனீரே?" என்றார்.

அவ்வளவுதான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அம்மாவின் சட்டம், தலையணை உறை, முந்திய சம்பந்தம் எல்லாவற்றையும் மறந்து, கடற்காகத்தின் கழுத்தில் தொடங்கிச் செட்டை விளிம்பு வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் போன் கட்டாகிவிட்டது என்றே நினைத்தேன்.

கடைசியில், "ஒரு காகத்துக்கே இவ்வளவு அழுகை?" என்றார்.

"காகம் இல்லை. கடற்காகம்."

"ம்... யோசிப்பம்" என்றார். வைத்துவிட்டார்.

ஐயோ, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பொன் உருக்கின அன்றைக்கே கலியாணத்தைக் குழப்பின பெண் என்று ஊரில் என் பெயர் நிற்கும். அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் வந்து "என்ன சொன்னவர்?" என்று ஆசையாகக் கேட்டபோது, "சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டவர்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாண்டி, முகத்தில் மஞ்சள் காய்ந்து இழுத்துக்கொண்டிருந்த நேரம், தெரியாத இலக்கத்தில் இருந்து ஒரு வீடியோ கோல் வந்தது. எடுத்தால் திரை முழுக்க ஒரு மூக்குத்தி. பிறகு கொஞ்சம் தூரம் போய் ஒரு குடை. குடைக்குக் கீழே மாப்பிள்ளையின் தாயார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு மிச்ச நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். முகத்தில் மஞ்சளோடு எழும்பி நின்றுவிட்டேன்.

"பிள்ளை, நான் மாமி. பண்ணையிலை நிக்கிறன். கலியாண மாலைக்குக் கடையிலை சொல்லிப்போட்டு, தங்கச்சி வீட்டை பலகாரம் குடுக்கவெண்டு வெளிக்கிட்டனான். உந்தக் குருவி எது எண்டு சொல்லு பாப்பம்."

"மாமி... அது..."

"தம்பி ராத்திரி முழுக்க யோசிச்சுப்போட்டு விடியக் காலமை சொன்னவன். தனக்குப் படலை தாண்ட ஏலாதாம், உனக்கும் ஏலாதாம். எனக்குப் பொன்னுருக்கேல்லைத்தானே? சொல்லு, வெயில் சுடுது."

அவருக்குப் பின்னால் ஓட்டோ நின்றது. ஓட்டோக்காரர், ஐம்பது வயது மதிக்கலாம், சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார். நான் கட்டிலில் இருந்துவிட்டேன். பிறகு எங்கிருந்து வந்ததோ ஒரு தைரியம், நோயாளிக்கு "மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ" என்று சொல்கிற அதே குரலில் சொல்லத் தொடங்கினேன். தடிகளைப் பாருங்கோ. ஒவ்வொன்றாக முகத்தைப் பாருங்கோ. கண்ணுக்குப் பின்னால் கறுப்புப் பொட்டு இல்லாத ஒன்று.

கமரா கடல் பக்கம் திரும்பியது. வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமியின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "இதுக்குப் பொட்டு இருக்கு. இதுக்கும் இருக்கு. இது அங்காலை திரும்பி நிக்குது, மரியாதை தெரியாதது. இது... பொறு பொறு. தண்ணிக்குள்ளை ஒண்டு நீந்துது பிள்ளை. பொட்டில்லை. கழுத்து நீட்டு."

"அதுதான் மாமி! சொண்டைப் பாருங்கோ."

"சொண்டு நீட்டுத்தான். ஆனா பிள்ளை, இது மற்றதுகள் மாதிரித் தனி வெள்ளை இல்லை. வயித்துப் பக்கம் லேசா ரோசா நிறம் அடிக்குது."

நான் அந்த நிறத்தைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒல்லிச் சொண்டின் நெஞ்சிலும் வயிற்றிலும் மெல்லிய ரோசா சாயல் இருக்கும் என்று படித்திருக்கிறேன்; புதன்கிழமை எதிர் வெயிலில் எனக்கே அது தெரியவில்லை. "மாமி, வடிவாத் தெரியுதோ? உண்மையாவோ?" என்று கத்திவிட்டேன்.

"எடி பிள்ளை, உனக்குக் கூறைச்சீலை எடுக்கவெண்டு ஒரு மாதமாக் கடை கடையா ஏறி இறங்கினவளுக்கு நிறம் தெரியாதோ?"

மிச்சம் இருந்தது செட்டை. பறக்க வேண்டும். மாமி கைதட்டிப் பார்த்தார், குடையை ஆட்டிப் பார்த்தார். பாலத்தில் ஓடுகிற பஸ்ஸுக்கே அசையாத கூட்டம் குடைக்கா அசையும்? அப்போது ஓட்டோக்காரர், "அம்மா, திண்ண ஏதும் எறிஞ்சால் எழும்புங்கள்" என்றார். மாமி போனை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓட்டோவுக்குள் குனிந்தார். ஒரு பெரிய பை வெளியே வந்தது. பையில் இருந்து எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் வந்தது. பாத்திரத்தில் இருந்து அம்மாவின் பயற்றம் பணியாரம் வந்தது.

கடல் பறவைக்கு எண்ணெய்ப் பலகாரம் எறியக் கூடாது என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

முதலாவது பணியாரம் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது விழ முன்னரே ஒரு பழுப்புத் தலை அந்தரத்தில் கவ்வியது. அவ்வளவுதான், சந்தை கூடியது. கத்தலும் கலகமுமாகக் கடற்காகங்கள் திரையை நிறைத்தன. நான் "இன்னும், இன்னும் எறியுங்கோ மாமி!" என்று கட்டிலில் ஏறி நின்று கத்தினேன்.

கதவடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினேன். அம்மா. கையில் இருந்த பால் கோப்பை நிலத்தில். கண் போன் திரையில். திரையில், மூன்று நாள் அடுப்படியில் நின்று தான் சுட்ட பணியாரத்தைச் சம்பந்தி கைநிறைய அள்ளிக் கடலில் எறிவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விளக்கம் சொல்ல முன்னரே அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போனைப் பறித்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "சம்மந்தி, ஐயோ, குறை நினையாதேங்கோ. உது அவளின்ரை சின்னப்பிள்ளை விளையாட்டு. கலியாணத்துக்குப் பிறகு விட்டிடுவாள். நான் பொறுப்பு. அவள் இனி உந்தப் பக்கமே போகமாட்டாள்."

என் குருவிகளை எல்லாம் அம்மா ஒரே மூச்சில் தூக்கிக் கொடுத்துவிட்டார். கோபத்தில் எனக்கு உடம்பு கொதித்தது. ஆனால் அந்தக் குரல் நடுங்கிய நடுக்கத்தைக் கேட்டபிறகு எப்படிக் கோபிப்பது? இன்னொரு சம்பந்தம் கைவிட்டுப் போகிறது என்று பயந்த குரல் அது.

"பொறுங்கோ சம்மந்தி, குருவி எழும்புது!" என்றார் மாமி.

நான் அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். திரையில் ஓட்டோக்காரரின் பெருவிரல்! பாதிப் படம் விரல். "விரலை எடுங்கோ அண்ணை, விரலை எடுங்கோ!" என்று நான் அலற, அவர் விரலை எடுக்க, அந்தக் கணத்தில் கூட்டத்தில் இருந்து பிரிந்து, கழுத்தை நீட்டி, பாலத்துக்குக் கிட்ட ஒன்று திரும்பியது. செட்டை முழுதாக விரிந்தது. முன் விளிம்பு நெடுக வெள்ளை. நுனியில் புள்ளி இல்லை. சந்தேகமே இல்லை. அம்மாவின் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்துத் திரையைப் படம் எடுத்தேன். அது தாழப் பறந்து மண்டைதீவுப் பக்கம் போனது.

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. முகத்தில் காய்ந்த மஞ்சள் வெடித்து உதிர்ந்தது மட்டும் ஞாபகம்.

மாமி போனை வாங்கித் தன் பக்கம் திருப்பினார். மூச்சு வாங்கியது. "இப்ப சொல்லுங்கோ சம்மந்தி, என்ன சொன்னனீங்கள்? ஆர் எதை விடவேணும்?"

அம்மா திரும்பவும் தொடங்கினார். மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் உங்கடை பிள்ளையை முதல் கண்டது பெண் பாக்க வந்தண்டு இல்லை. ஐப்பசியிலை இதே பாலத்திலை எங்கடை பஸ்ஸுக்கு ரயர் வெடிச்சுப் போட்டுது. சனம் முழுக்க இறங்கி நிண்டு கத்துது, கொண்டக்டரோடை சண்டை பிடிக்குது. பக்கத்திலை ஒரு பெட்டை உந்தக் கண்ணாடியோடை நிக்கிறாள். ஒருக்காக் கூடத் திரும்பிப் பாக்கேல்லை. ரயர் மாத்தி முடியுமட்டும் அசையேல்லை. பேந்து தரகர் படம் கொண்டு வந்து தந்தார். பாத்தால் அதே பெட்டை. விசாரிச்ச இடத்திலை ஆரோ, தனியப் போய் நிக்கிறவள் எண்டு ஒரு மாதிரிக் கதைச்சினம். ஓம், எனக்குத் தெரியும், நான் கண்டனான் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்தப் பஸ் எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. ஒரு பஸ் முழுச் சனம் என் முதுகுக்குப் பின்னால் கத்தியிருக்கிறது. நான் எந்தப் பறவையைப் பார்த்தேனோ!

"ஒரு மணித்தியாலம் பேசாமல் நிண்டு, எப்ப அசையும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளை சம்மந்தி. என்ரை பெடியனை உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு பதில் சொல்ல அரை நாள். அவனோடை சீவிக்கிறதெண்டால் உந்தப் பொறுமை வேணும். வேறை ஆரைத் தேடிப் போறது?"

ஓட்டோக்காரர் சத்தமாகச் சிரித்தது கேட்டது. அம்மா சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டார். மாமி அதைக் கண்டும் காணாததுபோல், "பணியாரம் நல்ல பதம் எண்டு நேற்றே சொன்னனான். காகமும் சொல்லுது. தங்கச்சிக்குக் குடுக்க மிச்சம் ஒண்டும் இல்லை, இன்னும் கொஞ்சம் கிடந்தால் அனுப்பிவிடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதிர்ந்த மஞ்சளுக்கும் சிந்தின பாலுக்கும் என்னைத் திட்டிவிட்டு, நேரே சமையலறைக்குப் போய்ப் பயற்றம் மா இடிக்க ஆள் கூப்பிட்டார்.

குழுவில் படத்தைப் போட்டேன். கொழும்பு அண்ணை, "மயில் இல்லை. நீர் சொன்னதுதான். வாழ்த்துக்கள், இரண்டுக்கும்" என்று எழுதினார். சனிக்கிழமை மற்ற இருவரும் நல்ல கமராவோடு போனார்கள். அது அங்கேயே நின்றது. ரோசா வயிறு தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று எடுத்துக் கலியாணப் பரிசாகச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். கலியாணத்துக்கு வந்தவர்கள், "இதென்ன, புறாவோ?" என்று கேட்டதற்கு, மணவறையில் தலைகுனிந்து இருக்க வேண்டிய நான் அடிக்கடி தலை நிமிர்ந்து பதில் சொன்னேன்.

இப்போது வேலணையில் இருக்கிறேன். தினமும் அந்தப் பாலத்தால்தான் வேலைக்குப் போய்வருகிறேன். மாமிக்குப் பறவைகளில் புதிதாக அக்கறை ஏதும் வந்துவிடவில்லை. எல்லாம் அவருக்குக் காகம்தான். நான் பிந்தி வந்தால், "என்ன, பறக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சோற்றைப் போடுவார். என் கணவர் இன்னும் "யோசிப்பம்" என்றுதான் சொல்கிறார். நான் காத்திருக்கிறேன், எனக்கு அது பழக்கம்தானே.

எங்கள் ஊரில் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது யாராவது ஒரு தாய் என்னிடம் வந்து, "எல்லாம் சொல்லுங்கோ, இதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று காதோடு கிசுகிசுப்பதைக் கேட்டால், எனக்கு அம்மாவின் அந்த நடுங்கிய குரல்தான் நினைவு வரும். முந்தியவர்கள் எதற்காக என்னை வேண்டாம் என்றார்களோ, அதற்காகவே என்னை வேண்டும் என்ற ஒரு வீடும் இருந்தது, அதனால் அதைத்தான் முதலில் சொல்லுங்கள் என்று அந்தத் தாயின் கையைப் பிடித்துச் சொல்லிவிடுகிறேன்.